குழப்படி என்று பெயர் வைப்பதற்கு முன்

தரம் ஒன்றுக்குப் போகும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டி தோலில் பட்டதும் அலறத் தொடங்குகிறது. காலுறையின் தையல் விரலில் உரசினால் சப்பாத்தைக் கழற்றி எறிகிறது. பின்னேரம் மத்ரஸாவில் மற்றப் பிள்ளைகள் ஆளுக்கொரு பாடத்தை ஒரே நேரத்தில் உரத்து ஓத, இது காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிடுகிறது. இரவில் புட்டும் மீன் ஆணமும் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெறும் சோறு கேட்கிறது. கல்முனையோ சாய்ந்தமருதோ நிந்தவூரோ, இப்படியொரு பிள்ளைக்கு ஊர் வைக்கும் பெயர்கள் தயாராக இருக்கின்றன: குழப்படி, பிடிவாதம், செல்லம் கொடுத்துக் கெட்டது. உம்மம்மா இருந்தால் கண்ணூறு என்று சொல்லித் தண்ணீர் ஓதி வாங்கி வரச் சொல்வார்.

அறிவியல் இந்த இடத்தில் வேறு ஒரு கேள்வியைக் கேட்கிறது. அந்தக் கழுத்துப் பட்டி பிள்ளையின் தோலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரும்போது எவ்வளவு பெரிதாகிப் போய்ச் சேருகிறது? அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கும் ஆராய்ச்சி இந்தக் கேள்விக்குப் பாதி விடையைத் தந்திருக்கிறது. மீதிப் பாதியில் நிபுணர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். இரண்டையும் தெரிந்துகொள்வது பெற்றோருக்கு நல்லது. ஏனென்றால் உறுதியான பாதியை நம்பாமல் விட்டால் பிள்ளை அடி வாங்கும். உறுதியில்லாத பாதியை முழுதாக நம்பினால் வாப்பாவின் பணம் வீணாகும்.

ஐந்தோடு முடியாத புலன்கள்

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று பாடப் புத்தகம் நிறுத்திக்கொள்கிறது. நரம்பியல் இன்னும் மூன்றைச் சேர்க்கிறது. உட்காதிலுள்ள அரைவட்டக் குழாய்களும் அவற்றை அடுத்த சிறு பைகளும் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, உடல் சாய்கிறதா நிமிர்கிறதா என்று அறிவிக்கின்றன. இது சமநிலைப் புலன். தசையிலும் மூட்டிலும் உள்ள உணர்விகள், கண்ணை மூடியிருந்தாலும் கை எங்கே இருக்கிறது, பென்சிலை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறோம் என்று சொல்கின்றன. இது உடல்நிலைப் புலன். பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, நெஞ்சு படபடப்பது ஆகியவற்றை அறிவது அகப்புலன்.

இத்தனை வழியாலும் நொடிக்கு நொடி வந்து குவியும் செய்திகளில் பெரும்பகுதியை மூளை கணக்கில் எடுப்பதே இல்லை. கடலோர வீட்டில் பிறந்தவருக்கு அலையின் இரைச்சல் காதில் விழுவதில்லை. மலைநாட்டிலிருந்து வந்த விருந்தாளிதான் முதல் இரவு தூக்கமில்லாமல் புரள்வார். திரும்பத் திரும்ப வருவதும் ஆபத்தில்லாததுமான தூண்டுதலுக்கு நரம்பு மண்டலம் பழகி, பதில் கொடுப்பதைக் குறைத்துவிடுகிறது. வயலுக்குப் போகும் கல்லோயாத் தண்ணீரை வழிநெடுக மதகுகள் கட்டுப்படுத்துவதைப் போல, தோல் நரம்பு, முதுகுத் தண்டு, தலமஸ், மூளைப் புறணி என்று ஒவ்வொரு கட்டத்திலும் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் தனித்தனிச் சுற்றுகள் இருக்கின்றன. எங்கோ ஒரு மதகு வேண்டியதைவிட அகலத் திறந்திருந்தால் சாதாரணச் சட்டையும் முள்ளாகக் குத்தும். இறுகி மூடியிருந்தால் முழங்கால் கிழிந்து இரத்தம் வடிவதும் பிள்ளைக்குத் தெரியாது.

அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் வின்னி டன் 1997இல் இதை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார். தூண்டுதல் உறைக்க நேரமெடுக்கும் பிள்ளைகளில் ஒரு சாரார் பேசாமல் இருப்பார்கள்; மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்கள். இன்னொரு சாரார் தங்களுக்குப் போதாததைத் தேடிக்கொண்டு ஓடுவார்கள்; குதிப்பதும் இடிப்பதும் கண்டதையெல்லாம் தொடுவதும் இவர்கள்தான். தூண்டுதல் சட்டென்று உறைக்கும் பிள்ளைகளிலும் இரண்டு சாரார் உண்டு. சிலர் இருந்த இடத்திலேயே சிணுங்கித் தவிப்பார்கள். சிலர் அந்த இடத்தை விட்டே ஓடிவிடுவார்கள். ஒரே பிள்ளை சத்தத்துக்கு ஒரு வகையிலும் அசைவுக்கு இன்னொரு வகையிலும் சேரலாம். மிக்சரின் சத்தத்துக்கு அழுகிற பிள்ளை ஊஞ்சலை விட்டு இறங்க மறுப்பதில் முரண்பாடு எதுவுமில்லை.

ஒரு சிகிச்சையாளரின் ஊகம்

இந்தப் பிள்ளைகளை மருத்துவம் நேற்றுத்தான் கண்டதென்று நினைக்க வேண்டாம். ஓட்டிசத்தை விவரித்து லியோ கானர் 1943இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வரும் 11 பிள்ளைகளில் சிலர் தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கும் மின்தூக்கிக்கும் முட்டை அடிக்கும் கருவிக்கும் அஞ்சியவர்கள். ஆனால் கானர் அதை ஓர் அடையாளமாகக் குறித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

புலன்களையே மையத்தில் வைத்துப் பார்த்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஏ. ஜீன் அயர்ஸ். 1920இல் பிறந்து 1988இல் மறைந்த அவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். கல்வி உளவியலும் படித்தவர். கற்றலில் பின்தங்கிய பிள்ளைகள் பலருக்குத் தொடுகையிலும் சமநிலையிலும் தடுமாற்றம் இருப்பதைக் கண்டு, பல புலன்களின் செய்திகளைச் சேர்த்து ஒரு செயலாக்கும் வேலையில்தான் மூளை இடறுகிறது என்று 1972இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். தொங்கும் ஊஞ்சல், உருளும் பலகை, ஏறி விழ மெத்தை ஆகியவற்றைக் கொண்டு விளையாட்டின் வழியே பயிற்சி தரும் முறையையும் வகுத்தார். மூளைக்குள் பார்க்கும் எம்.ஆர்.ஐ. கருவி மருத்துவமனைக்கு வந்திராத காலம் அது. பிள்ளையின் நடத்தையிலிருந்தே மூளையைப் பற்றி ஊகித்தார். ஊகம் சரியா என்று பார்க்கும் கருவிகள் பின்னால்தான் வந்தன.

கருவிகள் சொன்னது

1999இல் லூசி ஜேன் மில்லரும் அவருடன் வேலை செய்தவர்களும் பிள்ளைகளின் விரலில் மின்முனை பொருத்திச் சிறு சத்தம், மணம், ஒளி, தொடுகை, அசைவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வியர்வைச் சுரப்பிகளின் எதிர்வினையால் தோலின் மின்கடத்தும் தன்மை மாறும். அதைப் பிள்ளை நினைத்தாலும் நடிக்க முடியாது. புலன் சிரமமுள்ள பிள்ளைகளிடம் இந்த எதிர்வினை பெரிதாக எழுந்ததோடு, திரும்பத் திரும்பக் கொடுத்தபோதும் மெதுவாகவே தணிந்தது. மற்றப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள், இவர்கள் பழகவில்லை.

2015இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஷூலமைட் கிரீன் குழுவினர் ஓட்டிசமுள்ள சிறுவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, சொரசொரப்பான கம்பளித் துணியைக் கையில் தேய்த்தபடி வாகன இரைச்சலையும் கேட்கவைத்தார்கள். புலன் கூச்சம் அதிகமுள்ளவர்களின் மூளையில் புலன் பகுதிகளும், அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவும் தணியாமல் இயங்கிக்கொண்டே இருந்தன. கூச்சம் குறைவாக உள்ள ஓட்டிசச் சிறுவர்களிடமோ, முன்மூளை தலையிட்டு அமிக்டலாவை அடக்குவதற்கான அறிகுறி தெரிந்தது. ஓட்டிசம் இருந்தும் சிலர் சத்தத்தைத் தாங்கிக்கொள்வது எப்படி என்பதற்கு இது ஒரு துப்பு.

ஓட்டிசம் இல்லாத பிள்ளைகளின் கதை என்ன? 2013இல் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தின் ஆய்வாளர்கள் புலன் சிரமமுள்ள 16 சிறுவர்களையும், அது இல்லாத 24 சிறுவர்களையும் ஒப்பிட்டார்கள். எல்லோரும் 8 முதல் 11 வயது வரையானவர்கள். மூளையின் பின்பகுதியில் புலன் செய்திகளைக் கொண்டுசெல்லும் வெண்ணிற நரம்பிழைகளின் நுண்ணமைப்பு இரு குழுவிலும் வேறுபட்டிருந்தது. 16 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் குணக்கேடு என்று ஒதுக்கியதற்கு உடலில் ஒரு தடம் இருக்கிறது என்பதற்கு அது சான்று.

எலிகளில் கிடைத்த முடிவு இன்னும் வியப்பானது. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் டேவிட் கின்ட்டியின் ஆய்வுகூடம் 2016இல், ஓட்டிசத்தோடு தொடர்புள்ள சில மரபணுக்களைத் தோலிலிருந்து வரும் தொடுகை நரம்புகளில் மட்டும் செயலிழக்கச் செய்தது. மூளையில் கைவைக்கவில்லை. அந்த எலிகள் மெல்லிய தொடுகைக்கே துணுக்குற்றன. வளர்ந்தபின் பதற்றம் மிகுந்தும் மற்ற எலிகளோடு கூடாமலும் இருந்தன. வளர்ந்து முடிந்த எலியில் அதே மாற்றத்தைச் செய்தபோது பதற்றமும் ஒதுக்கமும் வரவில்லை. சின்ன வயதில் தொடுகை சரியாக அமையாவிட்டால் பழகும் குணமே பாதிக்கப்படலாம் என்பது இதன் உட்பொருள். எலிக்குச் சொன்னது பிள்ளைக்கு அப்படியே பொருந்திவிடாது. ஆனால் உறவினர் தூக்கினால் திமிறும் குழந்தையை மரியாதை தெரியாதது என்று சொல்வதற்கு முன் யோசிக்கவைக்கும்.

காரணம் ஒன்றல்ல. அமெரிக்காவில் இரட்டைக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வு தொடுகைக் கூச்சத்தில் மரபுக்குப் பங்குண்டு என்று காட்டியது. விஸ்கொன்சினில் மேரி ஷ்னைடர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கருவிலிருந்தபோது தாய்க்கு மன அழுத்தம் நேர்ந்த குரங்குகள், வளர்ந்தபின் இறகும் பஞ்சும் விறைப்பான தூரிகையும் பட்டபோது மற்றவற்றைவிட அதிகம் விலகின. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடல்கோளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்த அம்பாறை மாவட்டத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். பயங்கரத்தைக் கண்ட பிள்ளையும் சத்தத்துக்கு அதிரும். அது வேறு வழியால் வருவது, அதற்கான உதவியும் வேறு. காதிலோ கண்ணிலோ உள்ள குறையும் புலன் கூச்சம் போலத் தோன்றலாம். ஆகவே செவிப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் முதலில் முடிய வேண்டும்.

மருத்துவர்கள் பிரியும் இடம்

இவ்வளவுக்குப் பிறகும் புலன் செயலாக்கக் கோளாறு என்ற தனி நோய்ப் பெயரை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு ஏற்கவில்லை. புலன் தூண்டுதலுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக மட்டும் சேர்த்துக்கொண்டது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கென 2016இல் வெளிவந்த மற்றொரு வகைப்பாட்டு நூல் அதைத் தனிப் பிரிவாக வைத்திருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இலேயே, இதைத் தனி நோயாக எழுத வேண்டாம், ஓட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கம், பதற்றம் போன்றவை அடியில் இருக்கின்றனவா என்று பாருங்கள் என்று தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது.

தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. புலன் சிரமம் ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு உண்டு. கவனக்குறைவு உள்ளவர்களிலும் குறைமாதத்தில் பிறந்தவர்களிலும் உண்டு. எந்தக் குறையும் சொல்ல முடியாத பிள்ளைகளிலும் உண்டு. அமெரிக்காவில் பாலர் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரிடம் 2004இல் வினாத்தாள் கொடுத்துக் கேட்டபோது, குறைந்தது 5 சதவீதமானவர்கள் அளவுகோலுக்குள் வந்தார்கள். இத்தனை இடங்களில் காணப்படுவதை ஒரு நோய் என்பதா, காய்ச்சலைப் போல பல நோய்களின் அடையாளம் என்பதா என்பதே வழக்கு.

சிகிச்சையின் வழக்கு இன்னும் சிக்கலானது. 2014இல் ரோசன் ஷாஃப் குழுவினர் 4 முதல் 8 வயது வரையான ஓட்டிசமுள்ள 32 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பத்து வாரம் அயர்ஸ் முறைப் பயிற்சி கொடுத்தார்கள். உடுப்பது, சாப்பிடுவது போல ஒவ்வொரு குடும்பமும் தேர்ந்த இலக்கில் அந்தப் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினார்கள். 2022இல் பிரித்தானியாவில் 138 பிள்ளைகளோடு நடந்த பெரிய சோதனையின் முடிவு வேறு: எரிச்சலும் குழப்பமும் குறைவதில் இந்தப் பயிற்சி, வழக்கமான கவனிப்பைவிட மேலாக இல்லை. பிள்ளையை அமைதிப்படுத்தவெனப் போர்த்தும் பாரப் போர்வையின் கதையும் இப்படித்தான். 2014இல் வெளிவந்த சோதனையில் அது ஓட்டிசமுள்ள பிள்ளைகளின் தூக்கத்தைக் கூட்டவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அதைப் பிடித்திருந்தது.

ஆகவே இலட்சக்கணக்கில் பணம் கேட்டு, பயிற்சி முடிந்தால் எல்லாம் மாறிவிடும் என்று யாராவது உறுதி தந்தால் நம்ப வேண்டியதில்லை. ஓர் அன்றாட வேலையைக் குறித்து, இத்தனை வாரத்தில் இவ்வளவு முன்னேற்றம் என்று அளந்து காட்டும் சிகிச்சையாளரை நம்பலாம். அளவு நகராவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

கொழும்பிலிருந்து கல்முனைக்கு

இலங்கையில் இந்தத் துறையில் அடித்தளமிட்டவர்களில் ஒருவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த ஹேமமாலி பெரேரா. 2009இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் நகர்ப்புறத்தை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான 374 குழந்தைகளைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்ற வீதத்தில் ஓட்டிசத்தைக் கண்டார்கள். தாய்மாரிடம் கேட்டு நிரப்பும் மேலைநாட்டு வினாப்பட்டியல் அந்தக் குழந்தைகளைப் பெரும்பாலும் தவறவிட்டது என்பதுதான் அதில் நமக்கு வேண்டிய செய்தி. சொற்களால் மட்டும் கேட்ட கேள்வி தாய்மாருக்குப் பிடிபடவில்லை. அதனால் அதே குழுவினர் பின்னர், நடத்தைகளைப் படமாகக் காட்டிக் கேட்கும் ஒரு கருவியை உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள்.

கிழக்குக் கரைக்கு இது நேரடியான பாடம். உங்கள் பிள்ளைக்குப் புலன் கூச்சம் உண்டா என்றால் எந்த உம்மாவும் விழிப்பார். சலூனில் மெஷினின் இரைச்சல் கேட்டதும் என்ன செய்கிறான்? வுழூச் செய்யும்போது கைச்சட்டை நனைந்தால் கழற்றி எறிகிறானா? நோன்புக் கஞ்சியில் இறைச்சித் துண்டு நாக்கில் தட்டினால் ஓங்களிக்கிறானா? பர்தாவின் இலாஸ்டிக் தாடையில் பட்டால் மகள் பிய்த்து எடுக்கிறாளா? பெருநாள் கூட்டத்தில் யார் கட்டிப்பிடித்தால் அழுகிறான், யார் பிடித்தால் அடங்குகிறான்? இப்படிக் கேட்டால் பதில் மளமளவென்று வரும். அமெரிக்க வினாத்தாளில் உள்ள பனிச் சப்பாத்தும் கம்பளிச் சட்டையும் கல்முனைப் பிள்ளையைப் பற்றி எதையும் சொல்லாது. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமும் கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கும்போது, இந்தக் கரையின் வாழ்க்கையிலிருந்தே எடுத்த கேள்விகளைக் கொண்ட தமிழ்ப் பட்டியல் ஒன்று உருவாவது பெரிய காரியமல்ல.

காத்திருக்காமல் செய்யக்கூடியது

தொழில்வழிச் சிகிச்சையாளர் கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நோயின் பெயரில் பிணங்கும் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒன்று உண்டு: பிள்ளையைத் திருத்த முனைவதற்கு முன் சூழலைத் திருத்துங்கள்.

சட்டையின் பட்டியை வெட்டிவிட்டு, இரண்டு மூன்று தரம் தோய்த்து மெதுவாக்கிய துணியை உடுத்தலாம். மருதமுனைத் தறியில் நெய்த பழைய சாரன் துணி பல பிள்ளைகளுக்கு ஒத்துப்போகும். மிக்சரை ஓட்டுவதற்கு முன் சொல்லிவிட்டு ஓட்டலாம். எதிர்பார்த்த சத்தம் எதிர்பாராத சத்தத்தைவிடக் குறைவாகவே உறுத்தும். மத்ரஸாவில் மௌலவி அந்தப் பிள்ளையை ஓரத்தில், கதவை அண்டிய இடத்தில் இருத்தி, கூட்டம் சேர்வதற்குச் சற்று முன்பே பாடத்தைக் கேட்டுவிடலாம். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குக் கூட்டிப்போவதென்றால் சனம் குறைந்த நேரத்தில் போய், பிள்ளை கேட்டதும் திரும்பிவிடலாம்.

ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு உடம்புக்கு வேலை கொடுப்பது நல்லது. தேங்காய் திருவ, தண்ணீர் வாளி தூக்க, மணலில் குழி தோண்ட, கரைவலைக் கயிற்றில் பெரியவர்களோடு ஒரு கை கொடுக்க விடலாம். அசைவைத் தேடும் பிள்ளைக்கு வீட்டு விட்டத்தில் கட்டிய ஏணையும் பெருநாளைக்குக் கட்டும் ஊஞ்சலும் இருக்கின்றன. அயர்ஸின் பயிற்சிக் கூடத்துத் தொங்கும் துணியும் ஏறக்குறைய அதேதான். அது குணமாக்கும் என்று சொல்ல ஆய்வு இடம் தரவில்லை. பிள்ளை அமைதியானால் அதுவே போதிய காரணம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பழகட்டும் என்று சத்தத்துக்குள் இழுத்துப்போய் நிறுத்துவது, அடித்து ஊட்டுவது இரண்டும் அச்சத்தைக் கூட்டும். விரும்பிய சில உணவுகளோடு நின்றுவிடும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைகிறதா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பாரமான போர்வை ஆபத்து. பேச்சுத் தாமதம், பெயர் சொன்னால் திரும்பாமை, கற்ற சொல்லை மறப்பது ஆகியவை கூடவே இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். ஓதிப் பார்க்க விரும்புவோர் ஓதிப் பார்க்கட்டும். அதற்காகக் கிளினிக் நாளைத் தள்ளிப்போடக் கூடாது.

போகும்போது ஒரு கொப்பியில் இரண்டு வாரக் குறிப்பு இருந்தால் வைத்தியரின் வேலை பாதி முடிந்துவிடும். எது நடந்ததும் பிள்ளை குழம்பியது, எந்த நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, எதைச் செய்ததும் அடங்கியது என்ற நான்கு நிரல்கள் போதும். பிள்ளை பிறந்ததும் கையில் தந்த சுகாதாரப் பதிவேட்டையும், மிட்வைஃப் என்று ஊர் அழைக்கும் மருத்துவமாது அதில் எழுதியவற்றையும், முன்பள்ளி ஆசிரியை சொன்னதையும் அதோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். நோய்க்கு என்ன பெயர் என்று நிபுணர்கள் முடிவுசெய்ய இன்னும் ஆண்டுகள் ஆகலாம். அந்தக் கொப்பியைப் படிக்கும் வைத்தியருக்கும் ஆசிரியைக்கும் நாளைக்கே எதை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும்.